வேண்டாம் என்கிற பொத்தான்

பர்னி துறைமுகத்தின் மரச்சீவல் குன்றுகள்மேல்
மழை சாய்ந்து விழுந்த ஜூலை மாலை.
நாங்கள் நால்வர் வாழும் வீடு.
மேசை முனைகளுக்குப் பஞ்சுத் தொப்பி;
ஷோனா அதைக் கிள்ளிக் கிள்ளியே
பாதி மொட்டையாக்கிவிட்டாள்.
அடுப்பில் பின்வரிசை மட்டும் எரியும்.
குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்,
தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு துளைகள்.

அந்தத் துளைகளுக்காக மூன்று வாரம் சண்டையிட்டாள்.
முடிவில் ஓர் உடன்படிக்கை:
உள்ளே இருக்கும்வரை அவள் பாடுவாள்,
பாட்டு நின்றால் இவர்கள் தட்டுவார்கள்.
தாழ்ப்பாளை விற்று
எங்கள் எல்லோர் காதையும் வாங்கிக்கொண்டாள்.

நான் மெர்வின் டக்வெல். ஐம்பத்திரண்டு வயது.
என் நாக்கு என் பேச்சைக் கேட்காது, கால்களும்.
வலக்கைச் சுட்டுவிரல் கேட்கும், அதற்கு மனமிருந்தால்.
மடியில் ஒரு பலகை, நாற்பது பொத்தான்கள்.
'வேண்டாம்' தேய்ந்து வெளுத்துவிட்டது:
வியாழன்தோறும் பூசணி சூப்.

அன்றும் வியாழன்.
ஏஜென்சி அனுப்பிய புதுப்பெண், கெய்லீ,
கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"ரப்பர் கரு..." என்றாள் ஷோனா.
எதுவும் கருகவில்லை.
அவளுக்கு மட்டும் வரும் வாசனை அது.
அதன் அர்த்தம் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்.
நாற்காலி சரிந்தது.
குதிகால்கள் லினோலியத்தில் இடித்தன,
கீழேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல்.

சுவர்க் கடிகாரத்தில் சிவப்பு முள் எட்டில்.
என்னால் எழ முடியாது. எண்ண முடியும்.

கெய்லீ அவள் தோள்களை அழுத்திப் பிடித்தாள்.
பிறகு, நல்ல மனசோடுதான்,
சூப் கரண்டியை எடுத்தாள், பற்களை நோக்கி.

வேண்டாம், என்றது பலகை.
"சூப் அப்புறம், மெர்வ்."
வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.
பலகையின் குரலுக்குக் கத்தத் தெரியாது,
பஸ் நிறுத்தம் அறிவிப்பதுபோலவே சொன்னது.
நான்காவதில்தான் திரும்பினாள்.
என் விரல் ஃப்ரிட்ஜைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.
காந்தத்தின் கீழ் மஞ்சள் தாள். ஷோனாவின் தாள்.
உதடு அசைய வாசித்தாள்.
கரண்டி சிங்க்கில் விழுந்தது.
அவளுடைய கார்டிகன் மடிந்து தலைக்கடியில் போனது.
கைகளை விலக்கினாள், நாற்காலியையும்.
உதைப்பு ஓய்ந்ததும் பக்கவாட்டில் சாய்த்தாள்,
எச்சில் தன் வழியே வெளியேற.
ஐந்து நிமிடம் தாண்டினால் மருந்து, ஆம்புலன்ஸ்:
அந்த வரிக்கடியில் இரட்டைக் கோடு.

அவள் கேட்கவில்லை. நானே அழுத்தினேன்.
மூன்று. நான்கு. சைபர்.
மூன்று நிமிடம் நாற்பது நொடி.

ஷோனா கண் திறந்து
வெகுநேரம் கூரையைப் பார்த்தாள்.
நனைந்த ஜீன்ஸைத் தொட்டாள்.
"பார்க்காதே மெர்வ்."
பார்க்கவில்லை. சன்னலில் மழை இருந்தது.

இரவு, படிவம்.
எழுதுவதைச் சொல்லிக்கொண்டே எழுதுவாள் கெய்லீ.
"உடனிருந்தவர்கள்... யாருமில்லை."

வேண்டாம்.

பேனா நின்றது. என்னைப் பார்த்தாள்,
காது நுனிவரை சிவந்தாள்.
அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள்.
டக்வெல்லில் ஓர் எழுத்து குறைவு.
விட்டுவிட்டேன்.

காலையில் குளியலறையிலிருந்து பாட்டு,
எந்தச் சுருதிக்கும் கட்டுப்படாத பாட்டு.
கெய்லீ கதவுக்கு வெளியே
துண்டை இருமுறை மடித்து, மறுபடி பிரிக்கிறாள்.
பாட்டு நிற்கிறது.

ஒன்று.
இரண்டு.
மூன்றில், கெய்லீயின் விரல்கள் கதவைத் தொடும்போது,
ஷாம்பூவை யாரடா எடுத்தது என்று
வீடே அதிரக் கத்துகிறாள் ஷோனா.